மொரீஷியஸ் போகலாம்... எந்தக் கரைக்கு?

தீவுச் சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்க நாலைந்து வருஷம் ஆகிறது. ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்க நாலு நிமிஷம் போதுமாக இருக்கிறது. செல்போனில் ஒரு படம் வரும். நீல நிற நீச்சல் குளம், அதன் ஓரத்தில் சாய்ந்து நிற்கும் தென்னை, அதற்கு அப்பால் இன்னும் நீலமாகக் கடல். கீழே, ‘தள்ளுபடி இன்று நள்ளிரவு வரை மட்டும்’ என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். விரல் பட்டதும் முன்பணம் போய்விடும்.

அந்தப் படம் இரண்டு விஷயங்களைச் சொல்லாது. எந்த மாதத்தில் எடுத்தது, தீவின் எந்தப் பக்கத்தில் எடுத்தது. மொரீஷியஸ் மாதிரி ஓர் இடத்தில் விடுமுறை இனிப்பதும் சொதப்புவதும் பெரும்பாலும் இந்த இரண்டைப் பொறுத்துத்தான்.

திருச்சியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, ஒன்பதாவது படிக்கும் மகள், 11 வயது மகன், 70 வயதைத் தாண்டிய பாட்டி. ஆறு இரவுகள் மொரீஷியஸில் தங்க ஆசை. மகளுக்குக் கடலுக்குள் மீன் பார்க்க வேண்டும். மகனுக்கு நீச்சல் குளம் இருந்தால் போதும். அம்மாவுக்கு ஆறு நாள் அடுப்பைப் பார்க்கவே கூடாது. பாட்டி மட்டும், “ஏன்டா, அங்க போயும் கடலத்தானே பாக்கப் போறோம்? ராமேஸ்வரத்துல இல்லாத கடலா?” என்கிறார்.

பாட்டி கேட்பது நியாயமான கேள்விதான். பதில் பின்னால் வருகிறது. முதலில் மாதம்.

நம் மே, அவர்களுக்குக் குளிர்காலத்தின் வாசல்

மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஏறக்குறைய 20 பாகையில் இருக்கிறது. அதனால் பருவங்கள் தலைகீழ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் புழுக்கமும் மழையும். மே முதல் அக்டோபர் வரை மழை குறைந்த, இதமான காலம். அதைக் குளிர்காலம் என்று சொன்னாலும் கடற்கரைப் பகுதிகளில் மெல்லிய ஸ்வெட்டருக்கு மேல் தேவைப்படாது. நடுவில் இருக்கும் மேட்டுப் பகுதி மட்டும் சிலுசிலுவென்று, அடிக்கடி தூறலோடு இருக்கும்.

புயல் பருவம் நவம்பரில் ஆரம்பித்து மே பாதிவரை கணக்கு. உச்சம் ஜனவரி முதல் மார்ச் வரை. 2024 ஜனவரி 15 அன்று பெலால் என்ற புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸின் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. அங்கே புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை வகுப்பு வகுப்பாக ஏறும். மூன்றாவது வந்துவிட்டால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். ரிசார்ட்டில் இருப்பவர்கள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். எல்லா ஜனவரியிலும் இப்படி ஆகும் என்பதில்லை. ஆனால் ஆறே இரவுகளுக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தைப் போடும் குடும்பம் இந்த மூன்று மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட நாள்காட்டியை இதன்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி. கோடை விடுமுறையின் பிற்பாதி, அதாவது மே கடைசி, அங்கே புயல் பருவம் முடிந்து கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் நேரம். காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரமும் அருமை. காற்று தணிந்து வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், மழை குறைவு. ஒன்பது நாளே கிடைத்தாலும் ஆறு இரவுக்குப் போதும்.

அரையாண்டு விடுமுறைதான் கண்ணி. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு ஐரோப்பாவே அங்கே இறங்கும். வருஷத்தின் உச்ச விலை அப்போதுதான். டிசம்பர் 24, 31 இரவுகளுக்குக் ‘காலா டின்னர்’ என்று தலைக்கு ஒரு கட்டாயத் தொகையைப் பல ரிசார்ட்கள் சேர்த்துவிடும். பாட்டி ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுக்கிறவராக இருந்தாலும் அவர் தலைக்கும் உண்டு. அந்த வரி, பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

தீவுக்கு நாலு முகம்

முக்கியத் தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் சுமார் 45. ஒரு மாவட்டத்தைவிடச் சின்ன இடம்தானே, எங்கே தங்கினால் என்ன என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். இந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே கிழக்கும் மேற்கும் இரண்டு வேறு விடுமுறைகள்.

காரணம் காற்று. தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று அந்தத் தீவின் நிரந்தர விருந்தாளி. குளிர்காலத்தில், அதிலும் ஜூலை, ஆகஸ்டில் பலமாக வீசும். அதை நேராக மார்பில் வாங்குவது கிழக்குக் கரை. பெல் மார் கடற்கரை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நீளமான வெள்ளை மணல், விளம்பரப் படங்களின் செல்லப்பிள்ளை. படத்தில் காற்று தெரியாது. ஆகஸ்டில் போனால் தென்னையின் சாய்வு எப்படி வந்தது என்று புரியும். துண்டு பறக்கும், தொப்பி பறக்கும், பாட்டி அறையை விட்டு வெளியே வர மாட்டார். அதே பெல் மார் டிசம்பர் புழுக்கத்தில் சொர்க்கம். அப்போது அந்தக் காற்றுதான் வரம்.

மேற்கில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் நடுவிலுள்ள மலைகள் காற்றை மறைத்துக்கொள்ளும். மழையும் குறைவு, சூரியன் கடலுக்குள் இறங்குவதைத் தினமும் பார்க்கலாம். நடுக்கோடையில் வெந்துபோகும். மேற்கின் தென்கோடியில் இருக்கும் லெ மோர்ன் மட்டும் விதிவிலக்கு. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் பறக்கும் கைட் சர்ஃபிங் ஆட்கள் உலகம் முழுவதிலுமிருந்து அங்கே வருகிறார்கள். அவர்கள் கூடும் இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வடக்கில் கிராண்ட் பே. கடைகள், சாப்பாட்டுக் கடைகள், இரவில் நடமாட்டம். ரிசார்ட்டுக்கு வெளியே காலாற நடந்து எதையாவது வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு வடக்குதான். பக்கத்திலேயே த்ரூ ஓ பிஷ், மோன் ஷ்வாஸி என்று அமைதியான, ஆழமில்லாத கடல். நீச்சல் தெரியாத பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்கு இந்தப் பக்கம் பொருந்தும்.

தெற்கு வேறு ரகம். தீவைச் சுற்றி வேலி போலப் பவளத்திட்டு இருக்கிறது. அலையை அது தூரத்திலேயே உடைத்துவிடுவதால்தான் கரையோரம் குளம் மாதிரி அமைதியாக இருக்கிறது. தெற்கே சூயாக் ஊரின் கிரி கிரி பகுதியில் அந்த வேலி கிடையாது. கடல் நேராகப் பாறையில் வந்து மோதும். பார்க்க அவ்வளவு அழகு, இறங்கினால் ஆபத்து.

விமான நிலையம் தென்கிழக்கு மூலையில், பிளேசான்ஸில். அங்கிருந்து கிராண்ட் பே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், போர்ட் லூயிஸ் நெரிசலில் மாட்டினால் இன்னும் அதிகம். விமானம் ஏறும் நாளில் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். முதல் இரவோ கடைசி இரவோ பக்கத்திலுள்ள ப்ளூ பேயில் தங்குகிறவர்கள் புத்திசாலிகள். அங்கே கடல்வாழ் உயிரினப் பூங்கா இருக்கிறது. கண்ணாடித் தளப் படகில் உட்கார்ந்தபடியே பாட்டியும் பவளத்தையும் மீனையும் பார்த்துவிடலாம், சேலை நனையாமல்.

அந்தப் படகுக்காரர்கள் பவளத்தை மிதிக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வதற்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற பெரிய சரக்குக் கப்பல் ப்ளூ பேக்குப் பக்கத்திலேயே பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்டில் எண்ணெய் கசிந்து கடலைக் கறுப்பாக்கியது. ஊர் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை வேலி கட்டி எண்ணெயைத் தடுக்கப் பார்த்தார்கள். மீனை நம்பிப் பிழைக்கும் ஊர் அது.

எந்தக் கரையாக இருந்தாலும் ரப்பர் அடிப்பாகம் உள்ள தண்ணீர்ச் செருப்பு ஒரு ஜோடி தலைக்கு வேண்டும். ஆழமில்லாத கடலில் முள்ளெலி போன்ற கடல் முள்ளிகள் உண்டு. கல்லோடு கல்லாகக் கிடக்கும் விஷ முள் மீனும் உண்டு. நம்மூரில் வாங்கினால் மலிவு.

சாப்பாட்டுக் கணக்கு

அறை வாடகையோடு மூன்று விதமாகச் சாப்பாட்டை ஒட்டி விற்பார்கள். காலை உணவு மட்டும், காலையும் இரவும் சேர்ந்த ‘ஹாஃப் போர்டு’, எல்லாமும் உள்ளடங்கிய ‘ஆல் இன்க்ளூசிவ்’. மூன்றாவதுதான் கவலையில்லாதது என்று ஏஜென்ட் சொல்வார். அந்த விலையில் கணிசமான பங்கு மதுவுக்கு. குடிக்காத ஐந்து பேர் கொண்ட வீடு அதை வாங்கினால், பக்கத்து மேசைக்காரரின் விஸ்கிக்கும் சேர்த்துப் பணம் கட்டியதாக ஆகும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். வெளியே கிளம்பத் தோன்றாது. ஆறு நாளும் அதே குளம், அதே பஃபே. ஹாஃப் போர்டு எடுத்தால் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெளியே போய், மதியம் தெருவில் பசியாறிவிட்டு, இரவுக்குத் திரும்பிவிடலாம். தண்ணீர் பாட்டிலும் ஜூஸும் இரவுச் சாப்பாட்டில் சேர்த்தியா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பல இடங்களில் தனிக் கணக்கு.

சைவம் அங்கே புதிதல்ல. மக்கள்தொகையில் பெரும்பங்கு இந்திய வம்சாவளியினர் என்பதால் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் ‘முட்டை கூடாது, மீன் சேர்ந்த சாஸ் கூடாது’ என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்வது உத்தமம்.

அறையைப் பற்றியும் இரண்டு கேள்வி. குழந்தை என்றால் எத்தனை வயது வரை? பல இடங்களில் 12 வயது முடிந்தால் கட்டணம் தாவிவிடும். அடுத்தது குளியலறை. தொட்டிக்குள் கால் தூக்கி வைத்து இறங்கித்தான் குளிக்க வேண்டும் என்றால் பாட்டிக்கு அது தினமும் ஒரு கண்டம். தரைத்தளத்தில், தொட்டி இல்லாத ஷவர் உள்ள அறை வேண்டும் என்று புக் செய்வதற்கு முன்பே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால் இருந்தால்தான் உண்டு.

டிக்கெட்டும் காகிதமும்

சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடைக்கும் நாளாகப் பார்த்துப் பயணத் தேதியை வைத்தால் பெரிய அலைச்சல் மிச்சம். இல்லாவிட்டால் மும்பை வழி. மும்பையிலிருந்து மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். திருச்சியில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து ரிசார்ட்டில் செருப்பைக் கழற்றும் வரை முழுசாக ஒரு நாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திருச்சி–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–மொரீஷியஸ் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் பொறுப்பு யாருக்கும் இல்லை, ஐந்து டிக்கெட்டும் போச்சு. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும். ஒரே பதிவு எண்ணில் எடுத்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. பாட்டிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடலாம். “நான் நல்லாத்தானே நடக்குறேன்” என்பார். மும்பை விமான நிலையத்தின் நீளத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டார்.

இந்திய பாஸ்போர்ட் உள்ள சுற்றுலாப் பயணிக்கு முன்கூட்டியே விசா வாங்கும் வேலை இல்லை. போய் இறங்கியதும் அனுமதி தருவார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட உறுதிக் கடிதம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி, இவற்றைக் கேட்கலாம். கிளம்பும் முன் இணையத்தில் ஒரு பயணப் படிவமும் நிரப்ப வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை மொரீஷியஸ் அரசின் தளத்தையே பார்த்துவிடுவது நல்லது.

மருந்துகள் டாக்டர் சீட்டோடு, வாங்கிய அட்டையிலேயே இருக்கட்டும். தூக்க மாத்திரை, வீரியமான வலி மாத்திரை விஷயத்தில் அந்த நாடு கண்டிப்பானது. காய், பழம், விதை, செடி எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது பாட்டியின் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்கக் கூடாது. மறைத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையும், ஆஸ்பத்திரி பில் முழுசாகத் தலையில் விழும்.

பணத்தில் இரண்டு நுணுக்கம். அங்கே பல ரிசார்ட்கள் விலையை யூரோவில் போடுகின்றன. இன்று பார்த்த விலை, பணம் கட்டும் நாளில் ரூபாயில் கூடியிருக்கலாம். அடுத்தது, வெளிநாட்டு டூர் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு தொகையைக் கூடுதலாக வசூலிப்பார்கள். அது செலவு அல்ல, முன்கூட்டியே பிடிக்கும் வரி. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளலாம், இல்லையேல் திரும்பப் பெறலாம். ஆனால் கையில் திரும்பி வர மாதங்கள் ஆகும். யாருடைய பான் எண்ணில் பேக்கேஜ் போடுகிறார்களோ அவர் பெயரில்தான் வரும் என்பதால், கணக்குத் தாக்கல் செய்பவர் பெயரிலேயே வாங்க வேண்டும்.

மணல் யாருக்குச் சொந்தம்?

ரிசார்ட் விளம்பரங்களில் ‘தனியார் கடற்கரை’ என்று ஒரு வார்த்தை வரும். மொரீஷியஸில் கடற்கரை பொதுச் சொத்து. பெருநீர் எட்டும் எல்லை வரை மணல் எல்லோருக்கும் சொந்தம். ரிசார்ட்டுக்குச் சொந்தமானது அதன் நாற்காலியும் குடையும்தான். நாற்காலியில் உட்காரக் கூடாது என்று சொல்லலாம், மணலில் துண்டு விரிக்கக் கூடாது என்று சொல்ல முடியாது.

திட்டமிடுகிறவருக்கு இது பெரிய செய்தி. ஒரு நாள் வாடகை மூச்சு முட்ட வைக்கும் ரிசார்ட்டுக்கு முன்னால் இருப்பதும், அரை கிலோமீட்டர் தள்ளி, சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண வீட்டுக்கு முன்னால் இருப்பதும் ஒரே கடல். அப்படியானால் ஆறு இரவையும் ரிசார்ட்டிலேயே போடுவானேன்? முதல் மூன்று இரவு வடக்கில் ஒரு வாடகை வீடு. ஊர் சுற்றும் வேலையெல்லாம் அப்போதே. கடைசி மூன்று இரவு மேற்கில் ஒரு நல்ல ரிசார்ட், குளமும் கடலும் மட்டும். செலவு கணிசமாகக் குறையும், அலுப்பும் தட்டாது. மூன்று நாள் சுற்றிக் களைத்த பிறகு ரிசார்ட் கதவு திறக்கும்போது அதன் அருமையும் தெரியும். வரிசையை மாற்றினால் இந்தச் சுகம் வராது.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பொதுக் கடற்கரைக்குப் போனால் உள்ளூர்க் குடும்பங்கள் வேன் பிடித்து, பாயும் சட்டியும் தூக்குமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். சவுக்கு மர நிழலில் பிரியாணி திறப்பார்கள். யாராவது மேளம் தட்ட ஆரம்பித்தால் செகா ஆட்டம். ரிசார்ட்டில் சனிக்கிழமை இரவு மேடை போட்டுக் காட்டும் செகாவைவிட இது அசல்.

பாட்டியின் கேள்விக்குப் பதில்

ராமேஸ்வரத்தில் இல்லாத கடலா என்றால், இல்லைதான். ஆனால் அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது.

மொரீஷியஸ் பணத்துக்கும் ரூபாய் என்றுதான் பெயர். நம் ரூபாயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மதிப்பு. நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதன்பின் இந்தி. 1998-ல் வந்த புதிய நோட்டுகளில் தமிழுக்கும் இந்திக்குமான வரிசை மாறிவிட்டது. அங்குள்ள தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்து, நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே அச்சிட்டார்கள். அந்தத் தீவில் தமிழர்கள் மக்கள்தொகையில் ஒரு சிறு பங்குதான். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி.

தமிழர்கள் அங்கே போனது கூலிகளாக மட்டுமல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 1735-ல் ஆளுநராக வந்த லா பூர்தொனே போர்ட் லூயிஸ் நகரைக் கட்டியபோது புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். தச்சரும் கொத்தரும் அப்படிப் போனவர்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834-லிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அவர்கள் இறங்கிய இடம் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கல் கட்டடங்கள் சில, ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். அந்தப் படியில் ஏறியவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஏறி வந்த நாளை நினைவுகூர்ந்து நவம்பர் 2 அங்கே அரசு விடுமுறை.

குடும்பத்தில் ‘மொரீசுக்குப் போனவர்’ என்று யாரையாவது பற்றிப் பழைய பேச்சு இருந்தால், பெயரும் ஊரும் குறித்து எடுத்துப் போகலாம். அந்தக் குடியேற்றப் பதிவேடுகள் மொக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். சுற்றுலாப் பட்டியலில் இதை எந்த ஏஜென்டும் சேர்ப்பதில்லை.

லெ மோர்ன் மலைக்கு அடியில் இருக்கும் ரிசார்ட்கள், பின்னால் நிற்கும் பாறையை அழகான திரைச்சீலையாகக் காட்டும். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 2008-ல் அதற்கும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் வராத பக்கம் இது.

இனி சாப்பாடு. போர்ட் லூயிஸ் சந்தையில் பாட்டியைக் கொஞ்சம் முன்னால் நடக்க விட வேண்டும். ‘ப்ரேட் முரும்’ என்று ஒரு கீரைக் கட்டை விற்பார்கள். ப்ரேட் என்றால் கீரை, முரும் என்றால் முருங்கை. ‘கரிபுலே’ என்பது கறிவேப்பிலை. ‘ரசோன்’ என்று கேட்டால் ரசம் வரும். கிரியோல் பேசும் வாயில் இந்தச் சொற்கள் தலைமுறைகளாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழ் மறந்துபோனவர்கள் வீட்டிலும் சமையலறை மறக்கவில்லை. தெருவோரம் ‘தால் பூரி’ என்று விற்பது பருப்புப் போளியின் இனிப்பில்லாத தம்பி. மிருதுவான ரொட்டிக்குள் பருப்புப் பொடி, மேலே அவரைக் குழம்பும் சட்னியும் போட்டுச் சுருட்டித் தருவார்கள். ‘காத்தோ பிமான்’ என்றால் மிளகாய் கேக் என்று பொருள். பயந்து பயந்து கடித்தால், பருப்பு வடை! அதை பன்னுக்குள் வைத்துக் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். மதியச் சாப்பாட்டை ரிசார்ட்டில் கட்டாமல் விட்டது இதற்காகத்தான்.

கோயிலும் உண்டு. போர்ட் லூயிஸில் கைலாசோன் என்று ஊரார் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில், காத்ர் போர்ன் ஊரில் கோர் த கார்ட் மலையடிவாரத்து முருகன் கோயில் இரண்டும் பழையவை. முருகன் கோயிலுக்கு மலைச்சரிவில் படியேற வேண்டும். பாட்டி ஏறுவார், கூட வருகிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.

தைப்பூசக் காவடி அங்கே நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. பத்து நாள் விரதம் இருந்து, அலகு குத்தி, பூவாலும் பச்சைத் தென்னை ஓலையாலும் காவடி கட்டி, வெயிலில் தார் ரோட்டில் நடக்கிறார்கள். தமிழரல்லாதவர்களும் சேர்ந்து எடுப்பதுண்டு. முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. பாட்டியிடம் இதைச் சொன்னால் பேச்சே மாறிவிடும். “அப்ப தைப்பூசத்துக்கே போயிடலாமேடா!”

தைப்பூசம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். புயல் பருவத்தின் நடு உச்சம். மகளுக்குத் திருப்புதல் தேர்வு. மே மாதம்தான் வசதி என்று மேலே போட்ட கணக்கெல்லாம் இதில் அடிபட்டுப் போகிறது. காவடிக்காகவே போவதென்று வீடு முடிவு செய்தால், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் அறை எடுக்க வேண்டும். புயலால் விமானம் ரத்தானால் ஈடு தரும் காப்பீடாகப் பார்க்க வேண்டும். திரும்பும் தேதிக்கும் அலுவலகம் சேரும் தேதிக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விட வேண்டும். அந்தப் புழுக்கத்துக்கு மேற்குக் கரை வேண்டாம். கிழக்கே, பெல் மார் பக்கம் அறை பார்க்கலாம்.